வயதான சர்க்கரை நோயாளிகள்: கறுப்பர்களுக்கு ஏன் அதிக உதவி தேவைப்படுகிறது?

கேள்வி: காவிரிக்கரையான், 9 ஜனவரி 2024

அமெரிக்காவில் வயதான சர்க்கரை நோயாளிகளில், குளிக்க, உடுத்த, கடைக்குப் போய்வர அடுத்தவர் கை தேவைப்படுகிறவர்கள் வெள்ளையர்களைவிடக் கறுப்பர்களில் அதிகம் என்று படித்தேன். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? சர்க்கரை பரம்பரை நோய், சில இனங்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது, நமக்கும்தான். இதற்குப் போய் ஆராய்ச்சி வேறா? அங்கே மருத்துவத் துறையில் இருக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

10 ஜனவரி, இரவு 11.20

நான் டெட்ராய்ட்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதியவர்கள் தாங்களே குளிக்கிறார்களா, சட்டை மாட்டுகிறார்களா, அடுப்பை அணைக்க மறக்கிறார்களா என்று பார்த்து மதிப்பெண் போடுவதுதான் பிழைப்பு. பதினோரு வருடமாகிறது. அதனால் நேராகச் சொல்கிறேன், ரத்தம் இல்லை.

முதலில் எதை அளக்கிறார்கள் என்று பார்க்கலாம். 1963-ல் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் ஆறு வேலைகளைப் பட்டியலிட்டார்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து உட்காருவது, மலஜலத்தை அடக்குவது, சாப்பிடுவது. 1969-ல் லாட்டன், பிராடி இருவரும் அடுத்த படியைச் சேர்த்தார்கள்: போன், கடை, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வண்டி பிடித்துப் போவது, மாத்திரை, பணக் கணக்கு. இந்தப் பதினான்கில் எதெதற்கு அடுத்தவர் வேண்டும் என்பதுதான் நீங்கள் படித்த "உதவித் தேவை".

சர்க்கரை இதில் எங்கே வருகிறது? கால் மரத்துப் போகிறது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரிவதில்லை, புண் வருகிறது. கண் மங்குகிறது, இன்சுலின் ஊசியில் கோடு தெரியாது. தொடைச் சதை கரைந்து நாற்காலியிலிருந்து எழ முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சர்க்கரை உள்ள முதியவர்களுக்கு இப்படி முடங்கும் அபாயம் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கிலிருந்து 1.8 மடங்கு வரை. இது எல்லா நிறத்துக்கும் பொது. வித்தியாசம் பணத்தில் வருகிறது. அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. இன்றைக்கு 80 வயதில் டெட்ராய்ட்டில் இருக்கும் கறுப்பின மூதாட்டி பெரும்பாலும் தெற்கில் பிறந்தவர். வெள்ளையர் வார்டு, கறுப்பர் வார்டு என்று மருத்துவமனை பிரிந்திருந்த காலம். 1966-ல் முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்தபோது, பிரித்து வைத்தால் பணம் கிடையாது என்று அரசு சொன்னதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் நான்கே மாதத்துக்குள் சேர்ந்துகொண்டன. அப்போது அவருக்கு வயது 22. அதற்கு முந்தைய 22 வருடமும் உடம்பில்தான் இருக்கிறது.

10 ஜனவரி, இரவு 11.45

சொல்ல மறந்த வேடிக்கை: லாட்டன் பிராடி பட்டியல் வந்த புதிதில் ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றுக்கும் மதிப்பெண்ணே போடவில்லை, விட்டுவிட்டார்கள். எங்கள் சித்தப்பா வெந்நீர் வைக்கத் தெரியாமலே 1969 கணக்குப்படி முழு மதிப்பெண்ணோடு போய்ச் சேர்ந்திருப்பார்.

13 ஜனவரி

காவிரிக்கரையான் கேட்ட "சரி, ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்பதற்கு. அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

79 வயது அம்மா ஒருவர், கிழக்கு டெட்ராய்ட்டில் தனியாக இருக்கிறார். மிசிசிப்பியில் பிறந்து பன்னிரண்டு வயதில் வடக்கே வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் அடுத்தவர் வீடுகளைச் சுத்தம் செய்திருக்கிறார், அதில் பாதி வருடங்களுக்கு முதலாளிகள் கணக்கே காட்டவில்லை, கையில் காசு கொடுத்ததோடு சரி. 1935-ல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயல் வேலையும் வீட்டு வேலையும் அதில் கிடையாது, அந்த இரண்டிலும்தான் கறுப்பர்கள் நிறைந்திருந்தார்கள். 1950-களில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சட்டத்தில் சேர்ந்ததெல்லாம் சமையலறை வாசல் வரை வந்து சேரவில்லை. எனவே ஓய்வூதியம் மெலிசு.

வீடு இரண்டு மாடி. குளியலறை மேலே. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடுகிறது. சர்க்கரை 26 வருடமாக. வலது பாதத்தில் இரண்டு விரல் இல்லை. நான் போனது 28-ஆம் தேதி. "குளிக்க யாராவது உதவ வேண்டுமா?" என்றேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்த்தால், சமையலறைத் தொட்டியில் துணியை நனைத்துத் துடைத்துக்கொள்கிறார். மாதக்கணக்கில் அப்படித்தான்.

எங்கள் படிவத்தில் 6 என்றால் தானே செய்கிறார், 1 என்றால் முழுக்க அடுத்தவர். குளிப்பதற்கு 2 போட்டேன்.

இதில் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்: விரலை வெட்ட மெடிகேர் பணம் கொடுக்கும். வாக்கர் கொடுக்கும், வருடத்துக்கு ஒரு ஜோடி சர்க்கரைக் காலணி கொடுக்கும். குளியலறைச் சுவரில் அடிக்கும் கைப்பிடிக்கும், தொட்டிக்குள் போட்டுக்கொள்ளும் ஸ்டூலுக்கும் கொடுக்காது. அது மருத்துவத் தேவை இல்லையாம். கடையில் அந்தக் கைப்பிடி முப்பது டாலர்.

14 ஜனவரி

"ஆக, பணம் இருந்தால் வித்தியாசம் இல்லை என்கிறீர்களா?" என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். நியாயமான பிடி. 10-ஆம் தேதி "வித்தியாசம் பணத்தில் வருகிறது, அவ்வளவுதான்" என்று எழுதியது அவசரம். படிப்பையும் சொத்தையும் சமமாக வைத்துக் கணக்குப் போட்டால் இடைவெளி நன்றாகக் குறைகிறது, ஆனால் பல ஆய்வுகளில் முழுவதும் மறைவதில்லை. மிச்சம் எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த இரண்டு இடம்.

ஒன்று சிறுநீரகம். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் சூத்திரத்தில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொல்லி 2009 முதல் ஒரு வழக்கம். அதற்கு முந்தைய சூத்திரத்தில் 1.21. அதாவது அதே ரத்தம், அதே அளவு, ஆனால் தாளில் சிறுநீரகம் 16 சதவீதம் நன்றாக இருப்பது போலத் தெரியும். நிபுணரிடம் அனுப்புவது தள்ளிப்போகும், மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பெயர் ஏறுவது தள்ளிப்போகும், அதற்குள் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போய்வந்தவர் அன்றைக்குச் சமைப்பாரா? 2021-ல் அந்தப் பெருக்கலை எடுத்தார்கள். 2023 ஜனவரியில், பழைய கணக்கால் காத்திருப்புக் காலத்தை இழந்த கறுப்பின நோயாளிகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க உத்தரவும் வந்தது. காவிரிக்கரையான், "ரத்தத்திலேயே இருக்கிறது" என்ற உங்கள் வாக்கியத்தைத்தான் சூத்திரமாக எழுதி வைத்திருந்தார்கள்.

இரண்டு, கால். மிசிசிப்பி டெல்டாவில் ஃபொலுசோ ஃபகோரெடே என்று ஒரு இதய மருத்துவர். காலை வெட்டுமுன் அந்தக் காலின் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவாவது செய்யுங்கள் என்று வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறார். அடைப்பை எடுத்தால் பல கால்கள் தப்பும். பார்க்காமலே வெட்டுவது கறுப்பர்களுக்கு அதிகம் நடந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவர் என் படிவத்தில் ஒரே நாளில் ஆறிலிருந்து இரண்டுக்கு விழுகிறார்.

14 ஜனவரி, மாலை

நேர்மைக்காக இன்னொன்று. "ரத்தம் இல்லை" என்று அடித்துச் சொன்னதிலும் ஒரு ஓட்டை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனை, உண்மையான சர்க்கரை அளவு ஒன்றாக இருந்தாலும் கறுப்பர்களுக்குச் சுமார் 0.4 சதவீதப் புள்ளி கூடக் காட்டுகிறது என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது (டைப் 1 நோயாளிகளிடம் செய்தது). ஆக ரத்தத்தில் ஏதோ உண்டு. ஆனால் அது நோயைக் கூட்டவில்லை, நோய் கூடியது போலக் காட்டுகிறது. அந்த எண்ணை மட்டும் நம்பி மருந்தை ஏற்றினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். எண்பது வயதில் மயக்கம் என்றால் இடுப்பெலும்பு.

21 ஜனவரி

ரத்தவாதிகள் இன்னும் ஓயவில்லை என்பதால் என் கையிலிருக்கும் பெரிய சீட்டை இறக்குகிறேன்.

அமெரிக்காவில் சர்க்கரை அதிகம் உள்ளவர்கள் கறுப்பர்கள் அல்ல, பூர்வகுடிகள். 2019-21 கணக்கில் வயது வந்தோரில் கண்டறியப்பட்டவர்கள்: பூர்வகுடிகள் 13.6 சதவீதம், கறுப்பர் 12.1, ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர்) 11.7, ஆசியர் 9.1, வெள்ளையர் 6.9. பூர்வகுடிகளுக்கு இது மரபணு, ஒன்றும் செய்ய முடியாது என்று பல காலம் பேசினார்கள். 1997-ல் அவர்களுக்கென்று சர்க்கரைத் திட்டம் ஒன்று தொடங்கி, பழங்குடி மருத்துவமனைகளில் குழுவாக வேலை செய்தார்கள்: வீடு தேடிப் போவது, சிறுநீரகத்தைக் காக்கும் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் கொடுப்பது, கால் பார்ப்பது. சர்க்கரையால் சிறுநீரகம் செயலிழப்பது 1996-க்கும் 2013-க்கும் இடையில் 54 சதவீதம் குறைந்தது. வேறெந்த இனத்திலும் அவ்வளவு குறையவில்லை.

பதினேழு வருடத்தில் மரபணு மாறாது. மாறியது மாத்திரையும் வண்டியும்.

3 பிப்ரவரி

"நம்மவர்கள் நிலை?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இழை அந்தப் பக்கம் போகும் என்று தெரியும்.

மேலே ஆசியர் 9.1 என்று போட்டேன் இல்லையா, அந்த எண் ஒரு பெரிய கூட்டுப் பொரியல். அதற்கு முந்தைய 2017-18 கணக்கில் பிரித்துக் காட்டியிருந்தார்கள்: சீனர் 5.6, பிலிப்பினோ 10.4, இந்தியர் 12.6. அந்த வருடக் கறுப்பர் எண் 11.7. அதாவது நாம் அவர்களுக்கு மேலே. உடல் எடையிலும் நமக்குக் கோடு வேறு, 2015 முதல் ஆசியர்களுக்கு எடைக் குறியீடு 23 தாண்டினாலே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு 25.

அப்படியானால் நம் வீட்டுப் பெரியவர்கள் படிவத்தில் வரிசையாக 2, 3 வாங்க வேண்டுமே? நான் போகும் இந்திய வீடுகளில் எல்லாரும் 6. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, சோறு, ரசம், பேரப்பிள்ளை, அதுதான் மருந்து என்று நினைத்தேன். அப்புறம் என் அம்மா விழுந்தார்.

அம்மாவுக்கு 76. சர்க்கரை 19 வருடம். என்னோடுதான் இருக்கிறார். போன நவம்பரில் குளியலறை வாசலில் சறுக்கி மணிக்கட்டு. வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் (நான் போகக் கூடாது, சொந்தம்) "இதற்கு முன் தானே குளிப்பார்களா?" என்று கேட்டபோது நான் யோசிக்காமல் "ஆமாம், எல்லாம் அவங்களே" என்றேன். 6.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பார்த்து வைப்பது நான், ஏனென்றால் அம்மாவின் காலுக்குச் சூடு தெரியாது, ஒருமுறை கொப்புளமே வந்திருக்கிறது. துண்டை எடுத்துக் கொடுப்பது மகள். அம்மா குளிக்கும்போது நான் வேலை இல்லாவிட்டாலும் பக்கத்து அறையில் துணி மடிப்பேன், காது கதவில் இருக்கும். இதைப் படிவத்தில் 4 என்பார்கள். ஒருவர் அருகில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். இதே வேலையை டெட்ராய்ட்டில் வேறொரு வீட்டில் நான் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 4 போட்டிருப்பேன். என் வீட்டில் அது உதவி மாதிரியே தெரியவில்லை. அது பாட்டுக்கு நடக்கிறது.

1992-லிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐம்பது வயது கடந்த அமெரிக்கர்களைப் பேட்டி எடுக்கும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு, நீங்கள் படித்தது போன்ற கட்டுரைகள் பல அதிலிருந்துதான் வருகின்றன. அதில் "சிரமமா?" என்று ஒரு கேள்வி, "யாராவது உதவுகிறார்களா?" என்று தனியாக ஒரு கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. என் அம்மா முதல் கேள்விக்கும் இல்லை என்பார், இரண்டாவதற்கும் இல்லை என்பார். அந்த கிழக்கு டெட்ராய்ட் அம்மா முதலாவதற்கு "பார்த்துக்கொள்கிறேன்", இரண்டாவதற்கு உண்மையாகவே இல்லை. தாளில் இருவரும் ஒன்று.

4 பிப்ரவரி

அம்மாவிடம் சொன்னேன், உனக்கு நிஜத்தில் 4 தான் என்று. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். "ஆறுக்கு நாலா? அறுபத்தாறு சதவீதம். ஃபர்ஸ்ட் கிளாஸ்தான், போ."

18 பிப்ரவரி

ஹிஸ்பானிக் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1993-ல் டெக்சாஸ், கலிபோர்னியா உட்பட ஐந்து தென்மேற்கு மாநிலங்களில் 65 தாண்டிய மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,050 பேரைத் தொடர ஆரம்பித்தார்கள். ஏழைகள், படிப்பு குறைவு, ஆனால் வெள்ளையர்களுக்குச் சமமாகவோ கூடவோ வாழ்கிறார்கள். அந்தக் கூடுதல் வருடங்களில் நிறைய, சர்க்கரையோடு முடங்கிய வருடங்கள். மகள்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மகள்களை யார் கணக்கெடுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நானும் ஒரு மகள், வாயைத் திறந்தால் இழை முடியாது.

2 மார்ச்

13 ஜனவரி குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. நான் தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் வீட்டுப் படிதான் பிரச்சினை என்று எழுதினேன், கைப்பிடிக்குப் புலம்பினேன். அவருடைய தேவாலயத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து படிக்கு இரண்டாவது கைப்பிடி அடித்தார்கள், தொட்டிக்கு ஸ்டூலும் வாங்கி வைத்தார்கள். பிப்ரவரி 6-ஆம் தேதி போனேன். மேலே ஏறினார், குளித்தார், நான் கதவுக்கு வெளியே நின்றேன். சந்தோஷமாக 5 போட்டேன். முப்பது டாலரின் மகிமை என்று இங்கே எழுத வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 27 மறுபடி போனால், சமையலறைத் தொட்டி, ஈரத்துணி. கைப்பிடி அங்கேயேதான் இருக்கிறது. "ஏன்?" என்றால் "இன்றைக்கு வேண்டாம்". கை நடுங்கியது. சர்க்கரை பார்த்தேன், 58, ரொம்பத் தாழ்வு.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டுத் திறந்தேன். கடுகு, அரை பாட்டில் ஊறுகாய் வெள்ளரி, இன்சுலின். அவ்வளவுதான். உணவு உதவி அட்டையில் அவருக்குப் பணம் மாதத் தொடக்கத்தில் ஏறும், மூன்றாவது வாரத்தில் தீரும். இன்சுலின் இப்போது தட்டுப்பாடில்லை, 2023-லிருந்து மெடிகேரில் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம். ஆக ஊசி முழு அளவு, சாப்பாடு பாதி அளவு. கடந்த அக்டோபரில் ஒருமுறை படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. அதிலிருந்து மாதக் கடைசியில் மாடி ஏறுவதில்லை. முதல் வாரத்தில் ஏறுவார். நான் முதலில் போன தேதியைப் பாருங்கள், 28.

இது அவர் ஒருவர் கதை இல்லை. கலிபோர்னியாவில் 2000 முதல் 2008 வரை மருத்துவமனைச் சேர்க்கைகளைப் பார்த்த ஓர் ஆய்வில், ஏழைகளிடையே தாழ்சர்க்கரைச் சேர்க்கை மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம். வசதியானவர்களிடம் அப்படி ஏற்ற இறக்கம் இல்லை. இந்த ஆய்வு எனக்கு முன்பே தெரியும். படித்திருக்கிறேன், சக ஊழியரிடம் சொல்லியிருக்கிறேன், அந்தச் சமையலறையில் நின்றபோது மட்டும் நினைவுக்கு வரவில்லை. படியையும் கைப்பிடியையும் பார்த்துப் பழகிய கண், அதைத்தான் பார்த்தது.

அவர் உடம்பின் மதிப்பெண் 2-ஆ 5-ஆ? 6-ஆம் தேதிக்கு ஒன்று, 27-ஆம் தேதிக்கு ஒன்று. என்னைப் போல ஒருத்தி எந்தத் தேதியில் போனாள் என்பது எந்த அட்டவணையிலும் வராது.

3 மார்ச்

"அவர் ஏன் வாய் திறந்து சொல்லவில்லை?" தனியாக இருக்க முடியாதவர் என்று எழுதிவிடுவோம், முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். என்னிடம் "பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னது அதனால்தான். நான் நல்லவள் என்று அவருக்கு எப்படித் தெரியும், கையில் படிவத்தோடு வந்து பெட்டியைத் திறக்கிறேன்.

10 மார்ச்

நடந்தவை. மருத்துவரிடம் பேசி மாலை இன்சுலினைக் குறைத்தாயிற்று. தேவாலயத்திலிருந்து வாரம் இரண்டு நாள் சாப்பாடு வருகிறது. படுக்கைப் பக்கத்தில் ஆரஞ்சுச் சாறு டப்பா ஆறு. மூன்றாவது வாரத்தில் ஒரு உறவுக்காரப் பெண் வந்து தங்குவதாகச் சொல்லியிருக்கிறாள், வந்தால் பார்க்கலாம்.

படிவத்தின் குறிப்புக் கட்டத்தில் "மறுமதிப்பீடு மாதக் கடைசி வாரத்தில் மட்டுமே" என்று எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து "இதற்கு என்ன பொருள், அட்டவணையில் எந்த நாள் காலியோ அன்று போனால் போதாதா" என்று திரும்பி வந்தது. இரண்டு பக்கம் பதில் எழுதினேன். பேசாமல் ஒப்புக்கொண்டார்கள், படித்தார்களா தெரியாது.

27 மார்ச்

கேழ்வரகுக் களி சாப்பிட்டால் சர்க்கரை இறங்குமா என்று கேட்டவர் தனி இழை தொடங்கவும், இங்கே வேண்டாம், அதுவும் மாவுச்சத்துதான். சர்க்கரைக் காலணி பற்றிக் கேட்ட அண்ணாவுக்கு: உங்கள் அப்பாவுக்கு மெடிகேர் இருந்தால், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும், கடைக்காரர் கையெழுத்து போதாது. மாலையில் அளவு எடுங்கள், காலையில் கால் வீங்கியிருக்காது.

காவிரிக்கரையான் இரண்டு மாதம் கழித்து வந்து "சரி, ரத்தம் என்றதை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் பரம்பரை என்றதை வாங்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். வாங்க வேண்டாம். அந்த அம்மாவின் அம்மாவும் வீட்டு வேலைதான் செய்தாராம்.

நாளை 28. காலை ஒன்பதரைக்கு அந்த வீடு.